செங்கல்பட்டில் முதலாவதாக வந்த சிறுமி

பால விதவையாக இருந்து பிரின்சிபாலாக உயர்ந்த சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்க்கை

ஒன்பது வயதுச் சிறுமி. நாலாம் வகுப்பு. சர்க்கார் நடத்திய பொதுப் பரீட்சை. முடிவு வந்தது. செங்கல்பட்டு வட்டாரத்திலேயே முதலாவதாகத் தேறியிருந்தாள் அந்தச் சிறுமி.

அது 1895-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா மிகப் பெரியது. சென்னைப் பட்டணத்தைச் சுற்றியிருந்த ஊர்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். வடக்கே பொன்னேரி, மேற்கே காஞ்சீபுரம், தெற்கே மதுராந்தகம், கிழக்கே மாமல்லபுரத்துக் கடற்கரை. இவ்வளவு பெரிய ஜில்லாவில் ஒரு பெண் குழந்தை முதலாவதாக வந்தது என்றால் அது சின்ன விஷயமா?

இன்று ஒரு பெண் அப்படி முதலாவதாக வந்தால் பத்திரிகையில் படம் வரும். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுப்பார்கள். மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கும். அந்தச் சிறுமியின் வீட்டிலும் பேச்சு நடந்தது. ஆனால் அது கல்யாணப் பேச்சு.

சிறுமியின் பெயர் சுப்புலட்சுமி. 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி மயிலாப்பூரில் பிறந்தவர். தகப்பனார் ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர். மராமத்து இலாகாவில் எஞ்சினீயர். தாயார் விசாலாட்சி. குடும்பத்துக்குப் பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவில் உள்ள ரிஷியூர். ஆசாரம் மிகுந்த பிராமணக் குடும்பம்.

கல்யாணமும் துக்கமும்

அந்தக் காலத்தில் அந்தச் சமூகத்தில் பெண் வயதுக்கு வருமுன்பே கல்யாணம் செய்துவிட வேண்டும். செய்யாவிட்டால் ஊர் பழிக்கும், உறவு விலகும். சுப்புலட்சுமிக்கும் பதினோரு வயது அளவில் கல்யாணம் நடந்தது. மாலை மாற்றிய மாப்பிள்ளையின் முகம்கூட அந்தக் குழந்தைக்குச் சரியாகப் பதிந்திருக்காது. சில நாளைக்கெல்லாம் மாப்பிள்ளை இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

குழந்தை விதவையாகிவிட்டாள். புருஷன் வீட்டில் ஒரு நாள் வாழ்ந்தவள் அல்ல. ஆனாலும் விதவை விதவைதான்.

அன்று விதவை என்றால் என்ன என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய நியாயம் இல்லை. பூவும் பொட்டும் வளையலும் கூடாது. வயது வந்ததும் தலையை மழித்துவிடுவார்கள். நார்மடிப் புடவைதான் உடை. ஒரு வேளைச் சாப்பாடு. ஏகாதசி வந்தால் அதுவும் கிடையாது, பட்டினி. வீட்டில் கல்யாணம் கார்த்திகை என்றால் பின்கட்டில் ஒதுங்கி இருக்க வேண்டும். தெருவில் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள். கூடப் பிறந்தவர்கள் வீட்டில் சமைத்துப் போட்டு, அவர்கள் பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்து, அப்படியே கிழவியாகி, அப்படியே கண்ணை மூட வேண்டும். அறுபது வருஷ வாழ்வு அடுப்படியிலேயே போய்விடும்.

சுப்புலட்சுமியின் வீட்டிலேயே அதற்கு ஒரு சாட்சி இருந்தார். அவர் சித்தி வாலாம்பாள். அவரும் இளம் வயதிலேயே புருஷனை இழந்தவர். அக்காள் வீட்டோடு இருந்து வந்தார். மகளும் இன்னொரு வாலாம்பாள் ஆக வேண்டுமா என்ற கேள்வி பெற்றோரின் எதிரே நின்றது.

அவர்கள் செய்த முடிவு சாதாரணமானது அல்ல. குழந்தையின் தலையை மழிக்கப் போவதில்லை. அவளைப் படிக்க வைப்பது. இவ்வளவுதான் முடிவு. ஆனால் அதற்கு உறவினர் காட்டிய கோபம் கொஞ்சமல்ல. ஜாதிக் கட்டுப்பாட்டை மீறிய குடும்பம் என்ற பேச்சு எழுந்தது. எஞ்சினீயர் ஐயர் அசையவில்லை. தாமே மகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தார். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்டில் சேர்த்தார்.

கான்வென்டில் சுப்புலட்சுமி ஒரு புதுமையைக் கண்டார். அங்கே இருந்த கன்னியாஸ்திரீகளுக்கும் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. நகை இல்லை, வெள்ளை உடைதான். ஆனால் அவர்களை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. அவர்களைக் கண்டால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கணக்கு வழக்குப் பார்த்தார்கள். புருஷன் இல்லாத ஒரு பெண்ணால் இப்படியும் வாழ முடியும் என்பது அங்கே அவருக்குக் கிடைத்த பாடம். அவர் மதம் மாறவில்லை. சாகும்வரை இந்துவாகவே, ஆசாரத்தோடே வாழ்ந்தார். ஆனால் சிஸ்டர் என்ற அந்தப் பெயர் மட்டும் அவரோடு ஒட்டிக்கொண்டது. சென்னை நகரமே அவரைச் சகோதரி சுப்புலட்சுமி என்றுதான் அழைத்தது.

1911-ஆம் ஆண்டுப் பட்டம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் ஏற்பட்டது. முதலில் அது ஆண்களுக்கான இடமாகத்தான் இருந்தது. 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லிப் என்ற இங்கிலீஷ் மாதையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதுவே அன்று பெரிய அதிசயம். பின்னால் கிறிஸ்தவப் பெண்கள் சிலர் பி.ஏ. வரை படித்தார்கள். ஆனால் சென்னை மாகாணம் முழுவதிலும் ஓர் இந்துப் பெண் பட்டதாரி ஆகவில்லை.

சுப்புலட்சுமி கடற்கரையில் உள்ள மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பிரசிடென்சி காலேஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆண்கள் படிக்கும் கல்லூரி. வகுப்பில் திரும்பிய பக்கமெல்லாம் ஆண் பிள்ளைகள். அவர்கள் நடுவே ஓர் இளம் விதவை. தெருவில் ஏச்சு, உறவில் பகை. அதையெல்லாம் கேட்டுக்கொண்டே படித்தார். 1911 ஏப்ரலில் முதல் வகுப்பில் தேறினார். சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி அவர்தான்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1911-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களிலும் பெண்கள் படிக்கலாம், பரீட்சையும் எழுதலாம். ஆனால் பட்டம் கொடுக்க மாட்டார்கள்! ஆக்ஸ்போர்டு 1920-ல்தான் பட்டம் கொடுத்தது. கேம்பிரிட்ஜில் அதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த பெண்களுக்குக் கிடைக்காத பட்டம் மயிலாப்பூரில் பிறந்த ஒரு பால விதவைக்குக் கிடைத்தது. கல்கத்தாவில் அதற்கும் வெகு முன்பே, 1883-லேயே, காதம்பினி, சந்திரமுகி என்ற இரண்டு வங்காளப் பெண்கள் பட்டம் பெற்றுவிட்டார்கள். சந்திரமுகி பின்னால் பெதூன் கல்லூரிக்கே பிரின்சிபால் ஆனார். ஆகவே சட்டம் எங்கும் வழியை அடைக்கவில்லை. வழியை அடைத்தது வீட்டு வாசற்படிதான்.

நாலு பெண்களோடு தொடங்கிய வீடு

பட்டம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்கு வசதி உண்டு. நல்ல உத்தியோகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டு அம்மையார் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தம்மைப் போன்ற மற்றப் பெண்களை அவரால் மறக்க முடியவில்லை. சென்னை மாகாணத்துக் கிராமங்களில் அன்று பத்து வயது, பன்னிரண்டு வயது விதவைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குச் சுப்பிரமணிய ஐயரைப் போலத் தகப்பனார் வாய்க்கவில்லையே!

அப்போது மிஸ் லிஞ்ச் என்ற ஐரிஷ் மாது பெண் பள்ளிக்கூடங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தார். அவருக்கு வேறொரு கவலை. பெண் பள்ளிக்கூடம் திறந்தால் ஆசிரியை கிடைக்கவில்லை. ஆண் வாத்தியார் என்றால், பெண் கொஞ்சம் வளர்ந்தவுடனே பெற்றோர் நிறுத்திவிடுகிறார்கள். பாதிரிமார் பள்ளிக்கூடத்து ஆசிரியை என்றால், பிள்ளை மதம் மாறிவிடுவாளோ என்று வைதிகர்கள் பயப்படுகிறார்கள். இந்துப் பெண்களில் கல்யாணம் ஆனவளை வேலைக்கு அனுப்பப் புருஷன் வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள். அப்படியானால் ஆசிரியையாக வரக்கூடியவர் யார்?

விதவைகள்!

ஒரு பக்கம் வேலைக்கு ஆள் இல்லை. மறு பக்கம் வேலை இல்லாமல், மதிப்பும் இல்லாமல் மூலையில் கிடக்கும் பெண்கள். இரண்டையும் சேர்த்துவிட்டால்? சுப்புலட்சுமியும் மிஸ் லிஞ்சும் அதைத்தான் செய்தார்கள்.

1912-ல் அம்மையார் சாரதா மகளிர் சங்கம் என்ற ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வீட்டுப் பெண்கள் கூடுவார்கள், பேச்சுக் கேட்பார்கள், படிப்புக்குப் பணம் திரட்டுவார்கள். அதோடு பால விதவைகளுக்கு ஓர் இல்லமும் தொடங்கியது. எங்கே? எழும்பூரில், தகப்பனாரின் வீட்டிலேயே! முதலில் வந்தவர்கள் நாலே பெண்கள். சித்தி வாலாம்பாள் அவர்களுக்குத் தாயாக இருந்தார். யாருக்கும் வேண்டாத ஒரு விதவை என்று உலகம் நினைத்த அந்தச் சித்திக்கு அன்றிலிருந்து ஒரு நிமிஷம் ஓய்வில்லை.

பெண்களைச் சேர்ப்பது எளிதாக இல்லை. விதவை மகளைத் தகப்பன் வெளியூருக்கு அனுப்புவதா? அவள் அங்கே என்ன சாப்பிடுவாள், யார் சமைப்பார்கள், யார் காவல், நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் அம்மையாரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அது அவரேதான். அவரும் விதவை. அவரும் வெள்ளைப் புடவை. அவரும் ஆசாரம் தவறாதவர். அவரும் அங்கேயே தங்குகிறார், அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார். அவரைப் பார்த்த பிறகு ஒவ்வொரு தகப்பனாக இறங்கி வந்தார்கள்.

இன்றைக்கும் கதை மாறிவிடவில்லை. மாமல்லபுரத்திலிருந்தும் திருக்கழுக்குன்றத்திலிருந்தும் திருப்போரூரிலிருந்தும் காலையில் பஸ் ஏறிப் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். வெளியூர்ப் பெண்கள் அந்தச் சாலையோரத்து விடுதிகளில் தங்கிப் படிக்கிறார்கள். சேர்க்க வரும் பெற்றோர் எல்லாப் பாடத்தையும் பற்றி விசாரிப்பதில்லை. விடுதி எப்படி, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் இரண்டு தடவை கேட்கிறார்கள்.

ஐஸ் ஹவுஸ்

இல்லத்தில் பெண்கள் பெருகினார்கள். வீடு போதவில்லை. சர்க்கார் உதவி வந்தது. கடைசியில் கிடைத்த இடம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ்.

அந்தக் கட்டடத்தின் கதையே ஒரு தனிக் கதை. 1842-ல் அமெரிக்க வியாபாரி பிரடரிக் டியூடர் என்பவருக்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி, மரத்தூளில் புதைத்து, மாதக் கணக்கில் கடலில் கொண்டுவந்து இங்கே இறக்குவார்கள். வெள்ளைக்காரத் துரைகள் குளிர்ந்த பானம் குடிப்பதற்காக! பிறகு இங்கேயே ஐஸ் செய்ய இயந்திரம் வந்துவிட்டது. வியாபாரம் படுத்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலிடம் வந்தது. 1897-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சில வருஷம் ராமகிருஷ்ண மடமும் அங்கே நடந்தது. 1917-ல் சர்க்கார் அதை வாங்கிப் பால விதவைகள் விடுதிக்குக் கொடுத்தது.

வட்டமான முகப்பு. எதிரே கடல். வீட்டுப் பின்கட்டை விட்டால் வேறொன்றும் பார்த்திராத பெண்கள் ஜன்னலைத் திறந்தால் வங்காள விரிகுடா! வெளியே சகுனம் பார்க்கிறவர்கள் இருந்தார்கள், ஏசுகிறவர்கள் இருந்தார்கள். உள்ளே அகர முதல் பாடம் நடந்தது.

இதற்குள் அதே கடற்கரையில் இன்னொரு முக்கியமான காரியமும் நடந்துவிட்டது. 1914 ஜூலையில் சர்க்கார் பெண்களுக்கென்று ஒரு கல்லூரியைத் திறந்தது. முதலில் 37 மாணவிகள். முதல் பிரின்சிபால் மிஸ் டி லா ஹே என்ற இங்கிலீஷ் மாது. 1917-ல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் வைத்தார்கள். ஐஸ் ஹவுஸிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அகரம் படிக்க வந்த விதவைப் பெண், பள்ளிப் படிப்பை முடித்து, கடற்கரையோரமாகவே நடந்து போய்க் கல்லூரியிலும் சேரலாம் என்ற நிலைமை வந்துவிட்டது. அம்மையார் மாநிலக் கல்லூரிக்குப் போன காலத்துக்கும் இதற்கும் எத்தனை வருஷ இடைவெளி? பத்து வருஷம்கூட இல்லை!

குறை சொன்னவர்கள்

அம்மையாரைப் புகழ்ந்தவர்கள் மட்டும் இருக்கவில்லை. வைதிகர்கள் ஒரு பக்கம் ஏசினார்கள். சீர்திருத்தக்காரர்கள் மறு பக்கம் குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு.

ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு என்றே நடந்தது. துன்பப்பட்ட பெண்கள் மற்ற ஜாதிகளிலும் இருந்தார்களே, அவர்களுக்குக் கதவு ஏன் மூடியிருக்க வேண்டும்? விதவைகளுக்கு மறுமணம் செய்து வைக்க வேண்டும் என்று அன்றே பலர் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் அம்மையார் முன்னால் நிற்கவில்லை. ஆசார விதிகளை விடுதியில் அப்படியே காத்தார்.

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடுதியில் ஆசாரம் குறைந்தது என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும், தகப்பன்மார் அத்தனை பேரும் மறுநாளே மகள்களை அழைத்துப் போய்விடுவார்கள். ஊரோடு சண்டை போடுவதா, பெண்களைப் படிக்க வைப்பதா என்று வந்தபோது அவர் படிப்பைத் தேர்ந்துகொண்டார். அந்த விலையைக் கொடுத்தது யார் என்று பார்த்தால், வாசலுக்கு வெளியே நின்ற மற்ற ஜாதிப் பெண்கள்தான். இதை மறைத்து அவர் வாழ்க்கையைச் சொல்வது சரியாகாது.

அந்தக் குறையை வேறொருவர் தீர்க்க வந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒரு வேடிக்கை பாருங்கள். இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். முத்துலட்சுமி 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில். சுப்புலட்சுமி பத்தொன்பது நாள் கழித்து மயிலாப்பூரில். ஒருவர் 1911-ல் பட்டதாரி. மற்றவர் 1912-ல் மருத்துவப் பட்டதாரி. முத்துலட்சுமி 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கி, ஜாதி பாராமல் ஆதரவற்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டார். அவர் சட்டசபையில் நின்று சண்டை போட்டவர். இவர் ஓசையில்லாமல் பள்ளிக்கூடம் கட்டியவர்.

பிரின்சிபால் நாற்காலி

1922-ல் சர்க்கார் பெண் ஆசிரியைகளுக்காக ஒரு பயிற்சிக் கல்லூரியைத் திறந்தது. அப்போதைய கவர்னர் வில்லிங்டன் பிரபுவின் மனைவி பெயரால் அது லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி எனப்பட்டது. அதன் கீழேயே மாணவிகள் பாடம் நடத்திப் பழகுவதற்கு ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது. முதல் பிரின்சிபாலாகச் சகோதரி சுப்புலட்சுமி நாற்காலியில் அமர்ந்தார். வயது 36.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அன்றைய சென்னையைப் பார்த்தால்தான் விளங்கும். ராணி மேரி கல்லூரியில் 1936 வரை மிஸ் டி லா ஹேதான் பிரின்சிபால். 1915-ல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் 1938 வரை மிஸ் மக்டூகல். இருவரும் நல்லவர்கள், வல்லவர்கள். நம் பெண்களுக்காக ஆயுளைக் கொடுத்தவர்கள். ஆனால் இருவரும் வெள்ளைக்காரர்கள். படிக்கிற இடத்தில் தமிழ்ப் பெண் இருக்கலாம், தலைமை நாற்காலியில் இருப்பவர் சீமையிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார் என்பது அன்றைய நடைமுறை. அந்த நடைமுறையை உடைத்தவர் ஒரு விதவை. கல்யாண வீட்டில் முன்னால் வரக்கூடாத ஒருத்தி, கல்லூரி விழா மேடையில் நடுநாயகமாக அமர்ந்தார்.

பயிற்சிக் கல்லூரி என்பது மற்றக் கல்லூரிகளைப் போன்றது அல்ல. மற்றக் கல்லூரியில் ஒரு பெண் படித்தால் ஒரு பெண் படித்தவள் ஆகிறாள். பயிற்சிக் கல்லூரியில் படித்தவள் ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் நின்றால் வருஷத்துக்கு நாற்பது குழந்தை. அந்தக் குழந்தைகளில் நாலு பேர் மேலே படித்தால் அவர்களிலிருந்து இன்னும் இரண்டு ஆசிரியைகள். அம்மையார் நாற்பதுகளின் தொடக்கம் வரை சர்க்கார் வேலையில் இருந்தார். அவரிடம் பயின்ற ஆசிரியைகள் சென்னை மாகாணத்தின் பல ஊர்களுக்குப் போனார்கள்.

அவருக்கு 1920-லேயே சர்க்கார் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்திருந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் ஒரு சங்கடமும் உண்டு. 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஏற்பட்டது. பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்ட சங்கம் அது. சென்னை மாகாணம் 1921-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மாகாணம். அந்தச் சங்கத்தில் வெளிப்படையாகச் சேர அம்மையாருக்கு உத்தியோகம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் குழந்தைக் கல்யாண விஷயத்தில் அவர் வாய் மூடி இருக்கவில்லை. சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் ஒரு கமிட்டி நாடெங்கும் விசாரித்தபோது அவரும் சாட்சியம் அளித்தார். அந்தச் சாட்சியத்துக்கு அவர் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1929-ல் சாரதா சட்டம் நிறைவேறியது. 14 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது குற்றம் ஆயிற்று.

இன்னொரு குறையும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. விடுதியில் சேருவதற்கு வயது மீறிப் போன விதவைகள் வந்து வந்து திரும்பினார்கள். இருபது வயதுக்கு மேல் ஒருத்தி படிக்க ஆசைப்பட்டால் அது பாவமா? அவர்களுக்காகச் சாரதா மகளிர் சங்கத்தின் பெயரில் 1927-ல் சாரதா வித்யாலயத்தைத் தொடங்கினார். தங்கிப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி. 1938-ல் அதை ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. தாம் தொடங்கியதைத் தாமே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசை அவரிடம் இல்லை. நம் ஊரில் இது அபூர்வமான குணம்!

மாடம்பாக்கம்

பென்ஷன் வாங்கியவர்கள் ஈஸிசேரில் சாய்வது வழக்கம். அம்மையார் 1942-ல் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீ வித்யா கலா நிலையம் என்ற பள்ளியைத் தொடங்கினார். சின்ன வயதில் படிப்பை விட்ட குடும்பப் பெண்கள் அங்கே வந்து படித்தார்கள். மயிலாப்பூர் மகளிர் சங்கத்தின் பள்ளிக்கும் உழைத்தார். அதுதான் பின்னால் வித்யா மந்திர் என்று பெயர் பெற்றது. 1952 முதல் 1956 வரை சென்னை மேல்சபையில் நியமன அங்கத்தினராக இருந்தார்.

1954-ல் அவர் மறுபடியும் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு வந்தார். தாம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள மாடம்பாக்கம். இன்று அது தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. தெருவெல்லாம் மாடி வீடுகள். அன்று அது வயலும் ஏரியும் சூழ்ந்த கிராமம். சோழர் காலத்துத் தேனுபுரீஸ்வரர் கோயில் அந்த ஊரில் உண்டு. அந்தக் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல நிலையம் அமைய அம்மையார் துணை நின்றார். வயது அப்போது 68.

எழும்பூர் வீட்டுக்கும் ஐஸ் ஹவுஸுக்கும் வந்தவர்கள் பிராமணப் பெண்கள். மாடம்பாக்கத்தில் இருந்தவர்கள் நாற்று நட்டு, களை பறித்து, ஆடு மாடு பார்க்கும் கிராமத்துப் பெண்கள். ஐஸ் ஹவுஸ் வாசலில் நின்றுபோன கதவு இங்கே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர்மேல் சொல்லப்பட்ட குறைக்கு அவர் எழுத்தில் என்ன பதில் கொடுத்தாலும் இதைவிடப் பெரிய பதிலாக இருந்திருக்காது. செங்கல்பட்டு வட்டாரத்தில் பரீட்சை எழுதி முதலாவதாக வந்த ஒன்பது வயதுச் சிறுமி, அறுபது வருஷம் கழித்து, அதே ஜில்லாவின் ஒரு கிராமத்தில் பரீட்சை என்றால் என்னவென்றே அறியாத பெண்கள் நடுவே உட்கார்ந்தார்.

இதற்குள் நாடு விடுதலை அடைந்துவிட்டது. பெண்களுக்குப் பல்கலைக்கழக வாசல் முழுவதும் திறந்துவிட்டது. 1949-ல் ஹன்சா மேத்தா என்ற அம்மையார் பரோடாப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். இந்தியாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெண் துணைவேந்தர் ஆனது அதுவே முதல் தடவை. தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் 1984-ல் கொடைக்கானலில் ஏற்பட்டது. அதைப் பார்க்க அம்மையார் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று கல்லூரி வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் நிறைந்திருக்கிறார்கள். துணைவேந்தர் அறைக்கு வெளியே மாட்டியிருக்கும் பெயர்ப் பலகையை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். பெண் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1958-ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. மோனிகா பெல்டன் என்ற இங்கிலீஷ் எழுத்தாளர் சென்னைக்கு வந்து தங்கி, அம்மையாரோடு பழகி, அவருடைய வாழ்க்கையை இங்கிலீஷில் ஒரு புத்தகமாக எழுதினார். 1966-ல் அது வெளிவந்தது. ஒரு குழந்தை விதவையின் கதை என்பதுதான் அந்தப் புத்தகத்தின் தலைப்பின் பொருள். பட்டதாரி, பிரின்சிபால், மேல்சபை அங்கத்தினர், பத்மஸ்ரீ என்று எத்தனையோ இருக்க, தலைப்பில் அதுவே நின்றது!

ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். சுவாமிஜியின் படங்களைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். பக்கத்தில் லேடி வில்லிங்டன் கல்லூரி இன்றும் ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கிறது.

சகோதரி சுப்புலட்சுமி 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி காலமானார். வயது 83. மயிலாப்பூர்க் கோயில்களில் அன்று கூட்டம் அலைமோதியது. சிறு வயதிலிருந்து எத்தனையோ ஏகாதசிகளுக்குப் பட்டினி கிடந்தவர் அவர். அன்று வைகுண்ட ஏகாதசி.